ஆறு மணித்தியாலம்

பச்சைப் பிள்ளையைக் குளிர் அண்டவிடக் கூடாது என்பதுதான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைப்பேற்று வீடுகளின் முதல் கட்டளை. யன்னலைச் சாத்தி, தொப்பியும் காலுறையும் போட்டுச் சுற்றி வைப்பார்கள். வைத்தியசாலையிலும் சொல்வது அதுதான். அப்படியிருக்க, மூச்சுத் திணறிப் பிறந்த பேரப்பிள்ளையின் உடலை 33.5 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து மூன்று நாள் வைத்திருக்கப் போகிறோம் என்று வைத்தியர் சொன்னால் அம்மம்மா பதறத்தான் செய்வார்.

கொப்பூழ்க்கொடி நெரிபட்டோ, நச்சுக்கொடி முன்கூட்டியே கழன்றோ, பிரசவம் இழுபட்டோ ஒட்சிசன் குறையும்போது, பிள்ளையின் உடல் இருக்கிற இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிடுகிறது. சிறுநீரகமும் குடலும் ஈரலும் பட்டினி கிடக்கின்றன. மூச்சு திரும்பியதும் ஆபத்து நீங்கியதுபோலத் தோன்றும், நீங்கவில்லை. சில மணித்தியாலங்களில் கலங்கள் இரண்டாம் முறை சக்தி இழந்து மடியத் தொடங்கும். இடையில் கிடைப்பது ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். அதற்குள் குளிர்வித்தால் கலங்களின் தேவை குறைந்து அழிவு மட்டுப்படும் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. 72 மணித்தியாலம் கழித்து, மணித்தியாலத்துக்கு அரைப் பாகை வீதம் மெல்லச் சூடேற்றுவார்கள்.

2005இல் அமெரிக்காவில் சீதா சங்கரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இறப்போ மிதமான அல்லது பாரிய இயலாமையோ நேர்ந்த பிள்ளைகள் குளிர்விப்பால் 62 வீதத்திலிருந்து 44 வீதமாகக் குறைந்தனர். புதுச்சேரி ஜிப்மர் வைத்தியசாலையில் 120 பிள்ளைகளிடம் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வு சிறுநீரகத்தைப் பார்த்தது. குளிர்விக்காதவர்களில் 60 வீதத்தினருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. குளிர்வித்தவர்களில் 32 வீதத்தினருக்கு மட்டுமே.

இதோடு நிறுத்திவிட்டால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் இந்தியா, இலங்கை, பங்களாதேசம் ஆகிய நாடுகளின் பெரிய வைத்தியசாலைகளில் 408 பிள்ளைகளை வைத்து சுதின் தய்யில் தலைமையில் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வேறு சேதி சொன்னது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 வீதத்தினர் இறந்தனர். குளிர்விக்கப்படாதவர்களில் 31 வீதத்தினர். நம் போன்ற நாடுகளில், தீவிர சிகிச்சை வசதி இருந்தாலும் இதைச் செய்ய வேண்டாம் என்றே அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். இங்கே பல பிள்ளைகளுக்குப் பாதிப்பு திடீரென்று வருவதில்லை, வயிற்றில் இருக்கும்போதே விட்டு விட்டு நேர்ந்து, பிறக்கும் நேரத்தில் அந்த ஆறு மணித்தியால இடைவெளியும் கடந்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. முடிவை ஏற்காத வைத்தியர்களும் உண்டு. எனக்கு அந்த 42ஐத் தாண்டிப் போக முடியவில்லை.

ஆகவே, புலம்பெயர்ந்த உறவுகள் ஊர் வைத்தியசாலைக்கு உதவ விரும்பினால், குளிர்விக்கும் மெத்தையை முதலாவதாக எழுதாதீர்கள் என்பேன். பிரசவ விடுதியில் வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பை விடாமல் கவனிக்கும் கருவியும், அது தடுமாறும்போது உடனே சத்திரசிகிச்சைக்கு எடுக்கும் ஆட்பலமும், அழாத பிள்ளைக்கு முதல் நிமிடத்திலேயே பையும் முகமூடியும் வைத்துக் காற்றூட்டப் பழகிய கைகளும்தான் சிறுநீரகத்தையும் மூளையையும் முந்திக்கொண்டு காப்பவை.

மூச்சுத் திணறிய பிள்ளைக்குப் பிறகு தரும் பராமரிப்பும் சிறிய காரியமல்ல. சிறுநீரை அளக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் இரத்தக் கிரியேட்டினின் அளவு முதல் நாள் பெரிதும் தாயினுடையதையே காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. சிறுநீர் குறைந்தால் திரவத்தை அளவோடு ஏற்ற வேண்டும். கிருமித்தொற்றுக்காக வழக்கமாகக் கொடுக்கும் ஜென்டமைசின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது என்பதால் அதில் கூடுதல் கவனம் வேண்டும். அப்பிள்ளைக்கு உடற்சூடு ஏறினால் மூளைப் பாதிப்பு கூடும். சித்திரை வெயிலில் நாலு துணி சுற்றி வைப்பது அதற்குப் பாதுகாப்பாகாது.

ஆனால் இவையெல்லாம் தாய் நேரத்துக்கு வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தால்தான் பயன்படும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஒரு மணித்தியாலமளவு. அதன்பிறகு புங்குடுதீவு, வேலணை வழியே தரைப்பாதை. காற்று எழும்பினால் படகு ஓடாது. அங்கிருக்கும் கர்ப்பிணி, நாள் நெருங்குமுன்பே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அருகில் வந்து தங்க ஓர் இடமும், கூட வருபவருக்குச் சாப்பாடும், இழந்த நாட்கூலியும் கிடைக்க வேண்டும். சேர்க்கிற காசில் முதல் பங்கு அதற்குப் போகட்டும்.