தவளை தந்த மருந்தும் செயற்கைச் சவ்வும்



2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்கு ஹோம்புஷ் பகுதியிலுள்ள பழைய செங்கல் குழியில் ரெனிஸ் அரங்கு அமைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அங்கே பச்சையும் பொன்னிறமும் கலந்த அரிய தவளை வாழ்வது தெரியவந்ததும், அரங்கை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்த இனத் தவளையின் தோலில் கிருமிகளைக் கொல்லும் ஒரு சிறு புரதத் துண்டு உண்டு. பெயர் ஓரின் 1.2. நீளம் 13 அமினோ அமிலங்கள் மட்டுமே.

கிருமியைக் கொல்வது நல்லதுதான். ஆனால் எங்கள் கலங்களையும் சேர்த்து அழித்தால் அது மருந்தாகுமா?

பற்றீரியாவையும் எங்கள் கலங்களையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. கிருமியின் சவ்வில் மறை ஏற்றமுள்ள கொழுப்புகள் அதிகம். எங்கள் கலத்தின் வெளிப்பக்கம் பெரும்பாலும் ஏற்றமற்றது, கொலஸ்ரரோலும் கலந்தது. ஆகவே நேர் ஏற்றமுள்ள தவளைப் புரதம் கிருமியின் பக்கமே கூடுதலாக இழுபடுகிறது.

இதை எப்படிச் சோதிப்பது? உயிருள்ள கிருமிக்குள் ஒரே நேரத்தில் ஆயிரம் காரியம் நடக்கும். எதனால் இறந்தது என்று பிரித்தறிவது கடினம். அதனால் விஞ்ஞானிகள் சவ்வை மட்டும் தனியாகச் செய்கிறார்கள். தகுந்த கொழுப்புகளை நீரில் கலந்தால் அவை தாமாகவே நுண்ணிய குமிழிகளாகும். உள்ளே சாயத்தை அடைத்து, வெளியே மருந்தைச் சேர்ப்பார்கள். சாயம் கசிந்தால் சவ்வு உடைந்துவிட்டது. கிருமிக் கலவையில் ஒரு குமிழி, மனிதக் கலவையில் இன்னொன்று. கிருமிக் குமிழி மட்டும் கசிந்தால் நல்ல அறிகுறி.

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரான்சிஸ் செபரோவிக் குழுவினர் இத்தகைய சவ்வுகளில் தவளைப் புரதங்களை நீண்டகாலம் ஆராய்ந்தார்கள். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. கருவிக்குப் பின்னாலுள்ள அதே காந்தத் தத்துவமே அவர்களுக்கும் உதவியது. குட்டையான ஓரின், கம்பளம் விரித்ததுபோல் சவ்வின் மேல் பரவி அதைக் குலைக்கிறது. வேறொரு தவளையின் மக்குலாற்றின், 21 அமினோ அமிலங்கள் நீளமுள்ளதால், சவ்வை ஊடுருவித் துளையிடக்கூடியது.

குமிழிக்குக் கிருமியின் சுவரும் இல்லை, தற்காப்பும் இல்லை. எனவே இதில் தேறுவது முதற் சோதனையில் தேறியது மட்டுமே. ஓரின் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

இதற்கிடையில், 2019இல் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புது மருந்து வரும்வரை இருப்பதைக் காப்பது எங்கள் கையில். மிஞ்சிய அன்ரிபயோற்றிக் குளிசைகளை அலுமாரியில் வைத்து, அடுத்த தடிமனுக்குப் பிள்ளைக்கோ அயலவருக்கோ கொடுக்காதீர்கள். மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.