லெஸ்ஸா, ஃபியூவரா?

தண்ணீர் குறைந்தால் ‘லெஸ் வாட்டர்’. பாட்டில்கள் குறைந்தால் ‘ஃபியூவர் பாட்டில்ஸ்’. அளக்கிற பொருளுக்கு லெஸ், எண்ணுகிற பொருளுக்கு ஃபியூவர். பள்ளி இலக்கணம் இத்தோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். தமிழில் இரண்டுக்கும் ‘குறைவு’ என்றே சொல்லிப் பழகிய நாம் இங்கே தடுக்கி விழுவதில் வியப்பில்லை. ஆங்கிலேயர்களே விழுகிறார்கள். பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில், பத்துப் பொருளுக்கு மேல் வாங்காதவர்களுக்கான வரிசையில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று எழுதியிருந்தது. இலக்கணப் பிரியர்கள் விடவில்லை. 2008இல் நிர்வாகம் இரண்டு சொல்லும் வேண்டாமென்று ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என மாற்றிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான்.

இத்தனை சண்டைக்கும் காரணமான விதி அப்படியொன்றும் பழையதல்ல. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரின் எழுத்திலேயே சொற்களின் எண்ணிக்கையைக் குறிக்க லெஸ் வந்திருக்கிறது. பிறகும் பல நூற்றாண்டுகள் அது அப்படியே புழங்கியது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணிக்கை வருமிடத்தில் ஃபியூவர் போட்டால் நன்றாக இருக்குமென்று தமக்குத் தோன்றுவதாக எழுதினார். தோன்றுகிறது என்றுதான் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்: ‘மோர் வாட்டர்’, ‘மோர் பாட்டில்ஸ்’. கூடுதலுக்கு ஒரே சொல் போதும், யாரும் குழம்புவதில்லை.

சட்டத்துக்குள்ளும் ஓட்டை உண்டு. தூரம், காலம், பணம் மூன்றையும் எண்ணிச் சொன்னாலும் லெஸ்தான் வரும்: ‘லெஸ் தேன் ஃபைவ் மைல்ஸ்’. ஐந்து மைல் என்பது அங்கே தனித்தனி ஐந்து உருப்படிகள் அல்ல, ஒரே தூரம். அதனால் பன்மையைக் கண்டதும் ஃபியூவருக்குத் தாவக் கூடாது.

வேறுபாடு உண்மையிலேயே உதவுவது வேறோர் இடத்தில். லெஸ் வினையோடு சேரும் (‘டாக் லெஸ்’), பண்புச் சொல்லோடும் சேரும் (‘லெஸ் எக்ஸ்பென்சிவ்’). ஃபியூவருக்கு இந்த வேலைகள் தெரியாது. அது பெயர்ச்சொல்லை மட்டுமே பிடித்துக்கொள்ளும். ‘லெஸ் எஜுகேட்டட் பீப்பிள்’ என்று எழுதினால், லெஸ் பக்கத்திலிருக்கும் பண்புச் சொல்லோடு ஒட்டி, படிப்புக் குறைந்த மக்கள் என்று பொருள் தரும். ‘ஃபியூவர் எஜுகேட்டட் பீப்பிள்’ என்றால் படித்தவர்களின் எண்ணிக்கை குறைவு. ஓர் ஊரைப் பற்றிய அறிக்கையில் இந்த இரண்டும் இடம் மாறினால், சொல்லப்படும் செய்தியே வேறாகிவிடும்.