சொகுசுக் கப்பல் டூர் போறீங்களா? இன்சூரன்ஸ் எடுக்கலாமா, வேண்டாமா?

மயிலத்திலிருந்து கிளம்பி, சென்னை துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறத் திட்டமா? டிக்கெட்டோடு பயணக் காப்பீடும் எடுக்கணுமா என்ற குழப்பம் பலருக்கும் வரும்.

2022 ஜூன் 4-ல் சென்னையில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்த சொகுசுக் கப்பலை, புதுச்சேரி அரசு தன் எல்லைக்குள் அனுமதிக்கவில்லை. இப்படி ஒரு ஊர் விடுபட்டால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா? பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் கிடைக்கும்.

எப்போது எடுக்கணும்?

* கப்பல் இலங்கை போன்ற வெளிநாட்டுக்குப் போனால் அவசியம் எடுங்க. இங்குள்ள மருத்துவக் காப்பீடு பலவும் இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான்.
* கப்பல் டாக்டருக்குக் கட்டணம் தனி. நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கரை சேர்த்தால் செலவு லட்சக்கணக்கில் போகலாம்.
* பெரியவர்கள் வந்தால், சுகர், பிரஷர் இருப்பதை மறைக்காதீங்க. மறைத்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

எப்போது தவிர்க்கலாம்?

உள்நாட்டுக்குள் இரண்டு, மூன்று நாள் பயணம், கையில் மருத்துவக் காப்பீடு, டிக்கெட் பணம் போனாலும் சமாளிக்கலாம் என்றால் கட்டாயமில்லை.

இதையும் கவனிங்க

ஜிஎஸ்டி சாலை நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்காது. அதற்கு இழப்பீடு உண்டா என்று முதலிலேயே கேளுங்க. முந்தின நாளே சென்னை போய்விடுவது இன்னும் நல்லது.