ஒரு சொட்டு ரத்தம், யார் கணக்கில்?

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ரத்தம் அதன் மூளையைக் காப்பாற்றும். செம்பூரில் அதற்குப் பெற்றோர் பணம் கட்டிவிடுகிறார்கள். தாராவிக் குழந்தைக்கு யார் கட்டுவது?

பால் குடித்துவிட்டு நாள் முழுக்கத் தூங்கும் குழந்தை. பசித்தாலும் வீறிட்டு அழுவதில்லை. பார்க்க வரும் உறவினர்கள் 'சமர்த்துப் பிள்ளை' என்று நெட்டி முறிப்பார்கள். மஞ்சள் காமாலை இரண்டு வாரமாகியும் தெளியவில்லை என்றால் பாட்டி இளவெயிலில் காட்டச் சொல்வாள். தொப்புள் துருத்தினால் காசு வைத்துக் கட்டுவதும் உண்டு. இத்தனைக்கும் காரணம், பிறவியிலேயே தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாததாக இருக்கலாம். பல குழந்தைகளிடம் இந்த அடையாளங்கள்கூட முதல் வாரங்களில் தெரிவதில்லை.

முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் எளிது. தைராக்சின் மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் கரைத்து தினமும் கொடுக்க வேண்டும். செலவு நாளைக்குச் சில ரூபாய்தான். தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இழந்ததை முழுதாக மீட்க முடியாது.

கண்டுபிடிக்கும் வழியும் பழையதுதான். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் குத்ரி 1960களின் தொடக்கத்தில் காட்டிய முறை அது. குதிகாலில் ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஏந்தி, உலர்த்தி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்தத் தாளிலிருந்து இன்றைய கருவிகள் நாற்பதுக்கும் மேற்பட்ட வளர்சிதை மாற்றக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கின்றன.

இவையெல்லாம் அபூர்வ நோய்கள்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் 1,04,066 குழந்தைகளைப் பரிசோதித்தது. 2018இல் வெளியான முடிவுகளின்படி, பிறவித் தைராய்டு குறைபாடு 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இருந்தது. ஒரு லட்சம் பிரசவம் என்றால் ஏறக்குறைய 88 குழந்தைகள். அட்ரீனல் சுரப்பிக் கோளாறு 5,762இல் ஒன்றுக்கு. சென்னையில் மட்டும் 2,036இல் ஒன்றுக்கு.

இரண்டாவது நோய் இன்னும் கொடியது. உடலில் உப்புச் சத்து இறங்கி, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வாந்தியெடுத்துக் குழந்தை துவண்டுவிடும். பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பின் மாறுபாட்டைப் பார்த்துப் பிறந்தவுடனே சந்தேகப்படலாம். ஆண் குழந்தையிடம் வெளியே எதுவும் தெரியாது. வயிற்றுக் கோளாறு என்று நினைப்பதற்குள் உயிர் போய்விடலாம். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் கோளாறு. தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் சொந்தத்துக்குள் நடப்பவை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. மாமன் மகளும் அக்காள் மகளும் முறைப்பெண்ணாக இருக்கும் சமூகத்துக்கு இந்த நோய்கள் தூரத்துச் செய்தி அல்ல.

சரி, பணம்? மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தனியார் மருத்துவமனையில் பிள்ளை பெறும் குடும்பம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து முழுப் பரிசோதனையையும் செய்துகொள்ள முடியும். தாராவியில் தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருப்பது சயான் ஆஸ்பத்திரி. மாநகராட்சி ஆஸ்பத்திரியால் புதுமை செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது இங்கேதான். இல்லாதது திறமையல்ல, எல்லாக் குழந்தைக்கும் இதைச் செய்தாக வேண்டும் என்ற உத்தரவும் அதற்கான ஒதுக்கீடும்தான்.

2013இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் குழந்தைகளுக்கு 30 வகைக் குறைகளை இலவசமாகச் சோதிக்கிறது. பிறவித் தைராய்டு குறைபாடும் பட்டியலில் உண்டு. ஆனால் அது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பிறந்த குழந்தையை இத்திட்டத்தில் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சோதிக்கிறார்கள். பிளந்த உதடு கண்ணுக்குத் தெரியும், தைராய்டு தெரியாது.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1980களில் கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சோதனை நடந்தது. 2008இல் கோவா மாநில அளவில் தொடங்கியது. கேரளம் அரசு ஆய்வுக்கூடங்கள் மூலம் செய்கிறது. நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டம் மட்டும் இன்றுவரை இல்லை. எந்தக் குழந்தைக்குச் சோதனை கிடைக்கும் என்பது அது எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்தது.

சோதனைக்கு மட்டும் பணம் ஒதுக்கினாலும் போதாது. ரத்தத்தை 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பது நல்லது. முன்னதாக எடுத்தால் நோய் இல்லாத குழந்தையையும் இருப்பதாகக் காட்டலாம். படுக்கைக்கு நெருக்கடியான ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமான தாய் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவாள். தொப்புள்கொடி ரத்தத்தை எடுப்பது ஒரு மாற்று. தைராய்டுக்கு அது உதவும். பால் குடித்த பிறகே வெளிப்படும் கோளாறுகளுக்கு உதவாது. சந்தேகம் என்று முடிவு வந்தால் குழந்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும், மறுபடி சோதிக்க வேண்டும், மாத்திரை தொடங்க வேண்டும், வளரும்வரை கண்காணிக்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களில் இந்தத் தேடல் இன்னும் கடினம். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு போவது வழக்கம். நெல்லையில் பிறந்த குழந்தை மூன்றாம் மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் தாராவிக்கு வருகிறது. மும்பையில் பிறந்தது பத்தே நாளில் ஊருக்குப் போகிறது. ஆஸ்பத்திரியில் எழுதிய கைபேசி எண் கணவருடையது. அவர் வேலையில் இருப்பார். இரண்டு மாநிலங்களுக்கு நடுவே அந்த வடிதாளின் முடிவு அநாதையாகிவிடும்.

அபூர்வ நோய்களுக்கான 2021ஆம் ஆண்டு தேசியக் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி உண்டு. மும்பையில் அதற்கான மையம் பரேலின் கே.இ.எம். மருத்துவமனை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது நோயைக் கண்டுபிடித்த பிறகு கிடைக்கும் பணம். கண்டுபிடிக்காமலே போன குழந்தை இந்தக் கணக்கில் வராது. ஒரு குழந்தையின் மருந்துக்காகக் கோடிக்கணக்கில் நன்கொடை தரும் நகரம் இது. முகம் தெரிந்த குழந்தைக்கு மனம் இளகுகிறது. முகம் தெரியாத 88 குழந்தைகளுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும்.

நாற்பது நோய்களையும் ஒரே நாளில் தேட வேண்டியதில்லை. மலிவான மருந்து உள்ள தைராய்டிலிருந்து தொடங்கலாம், அடுத்து அட்ரீனல். செலவை மத்திய, மாநில அரசுகளும் மாநகராட்சியும் பகிர்ந்துகொள்ளலாம். கர்ப்பிணிகளுக்குத் தரும் தாய்-சேய் அட்டையில் தடுப்பூசிக்கு இடம் இருப்பதைப்போல இந்தச் சோதனை முடிவுக்கும் ஒரு கட்டம் போடலாம். குழந்தை தாராவியில் இருந்தாலும் நெல்லையில் இருந்தாலும், அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்க்கும் நர்ஸ் ஒரு கேள்வியாவது கேட்பார்.