நிரல் பழகு – 9: முகவரி தெரிந்தால் பயமில்லை

முதல் செமஸ்டரில் பைத்தானில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்கூட, இரண்டாம் செமஸ்டரில் சி மொழி வந்ததும் திணறிப்போகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு வகுத்திருக்கும் வரிசை இது. "பைத்தானிலேயே எல்லாம் முடிகிறதே, இந்தப் பழைய மொழி எதற்கு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

சி பழைய மொழிதான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. ஆனால் இன்றைய லினக்ஸின் மையப்பகுதி பெரும்பாலும் சி-தான். நாம் லேபில் ஓட்டிய பைத்தானே சி-யில் எழுதப்பட்டதுதான். பைத்தான் நமக்காகச் சத்தமில்லாமல் செய்து தந்த வேலைகளை இனி நாமே செய்யப்போகிறோம். சி பாடத்தின் பயனே அதுதான்.

இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ-யில் 10, பி-யில் 20. ஃபங்ஷனுக்குள் பிரின்ட் போட்டால் 20, 10 என்று வருகிறது. மெயினுக்குத் திரும்பிப் பார்த்தால் பழையபடி 10, 20. பலரும் குழம்பி நிற்கும் இடம் இது.

பேப்பரில் நான்கு கட்டம் போடுங்கள். மெயினின் இரண்டு கட்டங்களுக்கு முகவரி 1000, 1004 என்று வைத்துக்கொள்வோம். இன்ட் ஒன்றுக்கு 4 பைட். ஃபங்ஷனின் கட்டங்கள் 2000, 2004. ஃபங்ஷனுக்குப் போவது மதிப்பின் நகல் மட்டுமே. அது தன் கட்டங்களை மாற்றிக்கொண்டதே தவிர, 1000-ஐயும் 1004-ஐயும் தொடவே இல்லை. மதிப்புக்குப் பதில் அந்த முகவரிகளை அனுப்பிப் பாருங்கள். நேரே அங்கே போய் மாற்றிவிடும். முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்தான் பாயின்டர். ஸ்கேன்எஃப்-பில் & போடுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். வாங்கிய எண்ணை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரிய வேண்டாமா?

முகவரி கையில் வந்தால் பொறுப்பும் கூட வரும். 5 மதிப்பெண்கள் கொண்ட அர்ரேயின் இடங்கள் 0 முதல் 4 வரை. 5-ஆம் இடத்தைக் கேட்டால் பைத்தான் எர்ரர் காட்டி நின்றுவிடும். சி தடுக்கும் என்று நம்ப முடியாது. பக்கத்தில் கிடப்பதை எடுத்து நீட்டிவிடலாம். 2014-ல் வெளிப்பட்ட ஹார்ட்ப்ளீட் இந்த வகைப் பிழைதான். ஓபன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு மென்பொருள், வந்த செய்தியின் உண்மையான நீளத்தைப் பார்க்காமல், அனுப்பியவர் சொன்ன நீளத்தை நம்பியது. ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தில் கிடந்ததை அயலார் எடுக்க முடிந்தது. அதில் பாஸ்வேர்டுகளும் ரகசியச் சாவிகளும் இருக்கலாம். நீளத்தைச் சரிபார்க்கத் தவறியதால் வந்த வினை இது.

ஆகவே, புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். வரிக்கு வரி கட்டம் போட்டு, எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். இது கைவந்துவிட்டால் மூன்றாம் செமஸ்டரின் லிங்க்டு லிஸ்ட் உங்களை மிரட்டாது. அங்கே ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் முகவரியை வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கட்டங்களுக்கு இடம் கேட்டு வாங்குவதையும், வேலை முடிந்ததும் திருப்பித் தருவதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)