கப்பல் ஓடாத நாள்

வேலூர் பாகாயத்தில் மழை வந்தால் யாரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ரசிப்பதில்லை. மாடியில் காயும் துணியை எடுக்க ஓட வேண்டும். காட்பாடி பஸ் நேரத்துக்கு வருமா என்று ரோட்டை எட்டிப் பார்க்க வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்பில் இருப்பவர்களைக் கேட்டால், தோல் காயாத கவலையைச் சொல்வார்கள். வெயிலை உட்கார்ந்து சமாளிக்கத் தெரிந்த ஊர் எங்களுடையது. உச்சிப்பொழுதில் கதவைச் சாத்திப் படுத்துவிடுவோம். மழையில் சும்மா இருப்பதற்குத்தான் பழக்கமில்லை.

அந்தமான் போய் வருகிறவர்களிடம் இது நன்றாகத் தெரிகிறது. "எல்லாம் சூப்பர்ப்பா, ஒரு நாள்தான் மழையில வேஸ்ட்டாப் போச்சு" என்பார்கள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊருக்கான விடுமுறைப் பயணச் சலுகையை (எல்.டி.சி.) அந்தமானுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் தபால்துறைக் குடும்பங்கள் பல கிளம்புகின்றன. டூர்க்காரர் தரும் தாளில் காலை எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு 'பாயின்ட்' இருக்கும். மழைக்கு அதில் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

மழையோ அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை; வேலூருக்குக் கிடைப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே, மே மாதத்திலேயே அங்கே இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையிலும் பங்கு உண்டு. வேலூரிலிருந்து நேர்க்கிழக்கே ஒரு கோடு இழுத்தால், வங்கக் கடலைத் தாண்டி அது அந்தமானின் மாயாபந்தர் அருகே போய் முட்டும். அட்சரேகை ஏறக்குறைய ஒன்றுதான். நம் ஐப்பசி, கார்த்திகை மழைகள் பலவற்றுக்கு அந்தக் கடல்தான் பிறந்த வீடு.

2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். காற்றும் மழையுமாகக் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது. கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்துவந்தன. அந்த மழையைக் கொண்டுவந்த புயல் சின்னமே வர்தா புயலாகி 12-ஆம் தேதி சென்னையில் கரையேறி, பிறகு மேற்கே நகர்ந்தது. தீவில் விடுமுறையைக் கெடுத்த மழை, சில நாள் கழித்து ஊருக்கே தேடி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மழையும் புயலல்ல. பெரும்பாலும் ஒரு நாள் கடல் மோசமாக இருக்கும். கப்பல் ஓடாது, ஸ்கூபா கடைகள் திறக்காது. ஹேவ்லாக்கில் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) அப்படிப்பட்ட ஒரு நாள் எனக்கும் வாய்த்தது. "அண்ணே, இன்னைக்குக் கப்பல் கெடையாது. டீ சொல்லட்டா?" என்றார் விடுதித் தம்பி. நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த பிள்ளை.

தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் ஏறாது. அதுவே பாதி ஓய்வு. வலுத்துப் பெய்யும்போது கடலுக்கும் வானத்துக்கும் நடுவிலிருந்த கோடு அழிந்துபோகிறது. சற்று வெறித்ததும் விஜய்நகர் கரையில் நடந்தேன். கடல் வற்றும் நேரம். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் செத்த பவளமும் வெளியே தெரிந்தன. காலிச் சங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு நண்டுகள் மணலில் கோடு போட்டபடி போயின. கொஞ்சம் பெரிய சங்கு ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே காலைவிட்டுப் பார்த்து, பிடிக்காமல் பழைய வீட்டோடே கிளம்பியது ஒரு நண்டு. பார்த்துக்கொண்டே நின்றதில் அரை மணி போனது தெரியவில்லை. (சங்கு, பவளம் எதையும் பையில் போடாதீர்கள்; விமான நிலையத்தில் எடுத்துவைத்துவிடுவார்கள்.)

பொழுதும் அங்கே சீக்கிரம் சாய்கிறது. கடிகாரம் நம்முடையது; சூரியன் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி. டிசம்பரில் ஐந்து மணிக்கே அஸ்தமனம், மழை நாளில் அதற்கும் முன்பே விளக்குப் போட வேண்டும். முன்பெல்லாம் அதற்குமேல் செய்ய எதுவுமில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது தீவுக்குப் போயும் ரீல்ஸ் பார்க்கலாம். எனக்கென்னவோ கேபிள் இல்லாத காலத்து மழைதான் நல்ல மழை என்று தோன்றுகிறது.

போர்ட் பிளேரில் மழை பிடித்தால் கவலையில்லை. மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை இருக்கிறது. தீவில் மாட்டினால்தான் சிக்கல். ஆகவே ஹேவ்லாக்கிலிருந்து திரும்பும் நாளுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடச் சொல்லுங்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் டூர்க்காரருக்குக் கை துறுதுறுக்கும், இன்னொரு தீவை நுழைக்கப் பார்ப்பார். விடாதீர்கள்.