லைட்டரை எத்தனை முறை தட்டுகிறீர்கள்? மூன்றோடு நிறுத்துங்கள்!

செஞ்சி,
ராஜகிரி மலை உச்சியில் ஒரு பழைய பீரங்கி கிடக்கிறது. அந்தக் காலத்தில் பீரங்கிக்காரன் கனலும் திரியோடு தயாராக நிற்பான். நெருப்பு முதலில், வெடி பிறகு!

தீப்பெட்டி இருந்தவரை சமையல்கட்டிலும் இதே முறைதான். குச்சியைக் கிழித்துப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் காஸ் குமிழைத் திருப்புவார்கள்.

லைட்டர் வந்தது. முறை தலைகீழாகிவிட்டது! முதலில் காஸ் வருகிறது. பிறகுதான் "டிக்... டிக்...". ஆபத்தே இங்குதான்!

கரண்ட் எங்கிருந்து?

சாதாரண லைட்டரில் பாட்டரி கிடையாது. அழுத்தினால் ஸ்பிரிங் விடுபட்டு, குட்டிச் சுத்தி ஒன்று உள்ளே இருக்கும் துண்டின் மேல் "படார்" என்று அடிக்கும். அடிபட்டால் மின்சாரம் தரும் பொருள் அது. பிரான்சு நாட்டு க்யூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்த வித்தை!

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். காற்றில் ஒரு மில்லி மீட்டர் தாண்டிப் பொறி பாய, சுமார் 3 ஆயிரம் வோல்ட் வேண்டும். லைட்டர் அதற்கு மேலேயே கொடுக்கிறது. கண நேரம்தான் என்பதால், விரலில் பட்டால் "சுரீர்" என்பதோடு சரி.

தானே பற்றும் அடுப்பில், பாட்டரியின் ஒன்றரை வோல்ட்டை ஒரு சர்க்யூட் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடுகிறது. "நாமே செஞ்சா என்ன?" என்று கொசு பேட்டைப் பிரிக்க வேண்டாம். அணைத்த பிறகும் அதன் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்!

பத்தாவது தட்டல்

நுனியில் ஈரமோ கரியோ இருந்தால் பொறி வராது. "இன்னும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாமே" என்று தோன்றும்.

அதற்குள் காஸ் வந்துகொண்டே இருக்கிறது. அது காற்றைவிடக் கனம். தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தாவது தட்டலில் பொறி வந்தால், அடுப்பு மட்டுமா பற்றும்?

மூன்று தட்டலில் பற்றாவிட்டால் குமிழை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறங்கள். நாற்றம் போகும்வரை லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அதிலும் பொறி பறக்கும்! நாற்றம் போகாவிட்டால் வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள்.

லைட்டர் நுனியைத் துடைத்துக் காயவைத்த பிறகே மறுபடி அடுப்பங்கரைக்குப் போங்கள்.

பீரங்கிக்காரன் நெருப்பைத்தான் காக்க வைத்தான். நீங்கள் காஸைக் காக்க வைக்காதீர்கள்!